நடந்தால் வெகுமதி: பிரீமியம் தள்ளுபடி, புள்ளிகள், வாட்ச் தவணை, ஜிம் கட்டணம் – எது யாருக்கு?

உடற்பயிற்சி செய்தால் ஏதாவது தருகிறோம் என்று சொல்லும் ஹெல்த் இன்சூரன்ஸ் திட்டங்கள் பெருகிவிட்டன. தென்னாப்பிரிக்காவின் டிஸ்கவரி நிறுவனம் 1997-இல் வைட்டாலிட்டி என்ற திட்டத்தைத் தொடங்கியது. அது பல நாடுகளுக்குப் பரவியது. மற்ற கம்பெனிகளும் ஆளுக்கொரு ஆப்போடு வந்துவிட்டன. அந்த ‘ஏதாவது’ என்ன என்பது மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பாலிசியைப் புதுப்பிக்கும்போது பிரீமியத்தில் தள்ளுபடி கிடைக்கலாம். வாராவாரம் புள்ளிகளும் வவுச்சர்களும் வரலாம். ஜிம் கட்டணத்தில் ஒரு பங்கைத் தரலாம். ஸ்மார்ட் வாட்சைத் தவணையில் கொடுத்து, நடந்தால் அந்த மாதத் தவணை வேண்டாம் என்று விடலாம்.

எது நல்லது என்று பார்ப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி. நீங்கள் ஏற்கெனவே நடப்பவரா, இனிமேல்தான் தொடங்கப்போகிறவரா? நடப்பவருக்குக் கணக்கு சுலபம். எப்படியும் செய்யப்போகும் காரியத்துக்கு யார் அதிகம் தருகிறார்கள் என்று பார்த்தால் போதும். தொடங்காதவருக்கு எவ்வளவு தருகிறார்கள் என்பது இரண்டாம்பட்சம். எந்தத் திட்டம் அவரை வீட்டை விட்டு வெளியே இழுக்கும் என்பதுதான் முக்கியம். இந்த இரண்டு பேருக்கும் ஒரே திட்டத்தைப் பரிந்துரைக்கும் ஒப்பீடுகளை நான் நம்புவதில்லை.

தள்ளுபடியும் புள்ளிகளும்

பிரீமியம் தள்ளுபடியில் எனக்குப் பிடித்தது, அது பணம் என்பதே. எங்கே செலவழிப்பது, எப்போது காலாவதியாகும் என்ற தலைவலி கிடையாது; கட்ட வேண்டிய தொகையில் நேராகக் குறைந்துவிடும். ஆனால் விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் சதவீதம் உச்சபட்ச அளவு. அதைத் தொட அநேகமாக எல்லா மாதமும் இலக்கை எட்ட வேண்டியிருக்கும். சில திட்டங்களில் ரத்த அழுத்தம், சர்க்கரை, உடல் எடை எல்லாம் வரம்புக்குள் இருந்தால்தான் முழுத் தள்ளுபடி; நடை மட்டும் இருந்தால் அதில் ஒரு பகுதிதான். தள்ளுபடி அடிப்படை பிரீமியத்துக்கு மட்டுமா, கூடுதலாகச் சேர்த்த பாதுகாப்புகளுக்கும் உண்டா என்பதையும் கேட்க வேண்டும். குடும்பம் முழுவதற்கும் ஒரே பாலிசி என்றால் இன்னொரு கேள்வி: யாருடைய நடை கணக்கில் வரும்? எல்லோருடைய சராசரியையும் எடுப்பார்கள் என்றால் சோம்பேறியான ஒருவர் மற்றவர்களின் தள்ளுபடியையும் கீழே இழுத்துவிடுவார்.

இதன் பெரிய பலவீனம், வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். சாயங்காலம் அலுத்துச் சலித்து வந்து நடக்கப் போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர் மனதில் பத்து மாதம் கழித்துக் குறையப்போகும் பிரீமியம் எட்டிக்கூடப் பார்க்காது. அந்தப் பணமும் கைக்கு வருவதில்லை. கணக்கிலிருந்து பிடிக்கும் தொகை சற்றுக் குறையும், அவ்வளவுதான். வருடத் தொடக்கத்தில் இரண்டு மூன்று மாதம் உடம்பு சரியில்லாமல் போய், உச்ச இலக்கு கைநழுவிவிட்டால் மீதி வருடம் நடக்க எந்தத் தூண்டுதலும் மிஞ்சாது.

வாராந்திரப் புள்ளிகள் இந்த இடத்தில்தான் ஜெயிக்கின்றன. திங்கட்கிழமை எல்லாம் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். போன வாரம் கோட்டை விட்டதற்கு இந்த வாரம் தண்டனை இல்லை. இலக்கை எட்டிய சில நாட்களில் ஒரு சினிமா டிக்கெட்டோ சின்ன வவுச்சரோ கைக்கு வந்துவிடும். புதிதாகத் தொடங்குபவருக்கு இந்தச் சின்ன உடனடிப் பலன், தூரத்தில் இருக்கும் பெரிய தள்ளுபடியைவிட அதிகம் உதவும் என்பது என் கணிப்பு.

அப்புறம் புள்ளிகளின் மறுபக்கம். புள்ளி பணம் ஆகாது. அதன் மதிப்பைக் கம்பெனி நடுவில் மாற்றலாம். இத்தனை சேர்ந்தால்தான் எடுக்க முடியும் என்று ஒரு குறைந்தபட்ச அளவு இருக்கலாம். குறிப்பிட்ட மாதங்களில் காலாவதியாகலாம். ஆகவே ஒப்பிடும்போது புள்ளிகளை இப்படிப் பணமாக்கிப் பாருங்கள். உங்கள் சிறந்த மாதத்தை விட்டுவிட்டுச் சுமாரான ஒரு மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எத்தனை நாள் இலக்கை எட்டினீர்கள் என்று போனிலேயே பார்க்கலாம். அதற்கு எத்தனை புள்ளி, அந்தப் புள்ளிக்கு என்ன வாங்க முடியும்? எப்படியும் வாங்கியிருக்கும் பொருள் என்றால் முழு மதிப்பைப் போடுங்கள். வாங்கவே நினைக்காத ஒன்றுக்குத் தள்ளுபடி கூப்பன் என்றால் அதன் மதிப்பு பூஜ்யம். இப்படிக் கணக்குப் போட்டால் விளம்பரத்தில் தாராளமாகத் தெரிந்த பல திட்டங்கள் சுருங்கிவிடும்.

கொடுத்ததைப் பிடுங்கும் வகை

வாட்ச் தவணைத் திட்டம் வேறு மனக்கணக்கில் ஓடுகிறது. வாட்ச் முதலிலேயே உங்கள் கையில் இருக்கும். மாதாமாதம் இலக்கை எட்டினால் தவணை குறையும் அல்லது இல்லாமல் போகும். எட்டாவிட்டால் கட்ட வேண்டும். கிடைக்கப்போவதைவிட இழக்கப்போவது மனிதனை அதிகம் விரட்டும் என்பதுதான் இதன் அடிப்படை.

இதை நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஒரு சோதனை உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். அதிக எடையுள்ள 281 ஊழியர்களுக்கு ஒரு நாளைக்கு 7,000 காலடி நடக்க வேண்டும் என்ற இலக்கு, 13 வாரம். ஒரு குழுவுக்கு இலக்கை எட்டிய ஒவ்வொரு நாளும் 1.40 டாலர். இன்னொரு குழுவுக்கு மாதத் தொடக்கத்திலேயே 42 டாலரை ஒதுக்கிவிட்டு, எட்டாத ஒவ்வொரு நாளும் 1.40 டாலரைக் கழித்தார்கள். மொத்தத் தொகையில் வித்தியாசமே இல்லை. ஆனால் காசே தரப்படாத குழு 30 சதவீத நாட்களில் இலக்கை எட்டியது. தினமும் பணம் பெற்ற குழு 35 சதவீதம். பணத்தை இழந்துகொண்டிருந்த குழு 45 சதவீதம். குலுக்கல் பரிசு வைத்த நான்காவது குழு 36 சதவீதத்தோடு நின்றது. பணம் நின்ற பிறகு என்ன ஆனது என்பதையும் சொல்லிவிட வேண்டும்: அடுத்த 13 வாரத்தில் குழுக்களுக்கு இடையே குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை.

வாட்ச் திட்டத்தையே எடுத்து ராண்ட் ஐரோப்பா என்ற ஆய்வு நிறுவனம் 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பிரிட்டன், அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா மூன்று நாடுகளிலும் சேர்த்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வைட்டாலிட்டி உறுப்பினர்களின் தரவு. வாராந்திர வெகுமதி மட்டும் பெற்றவர்களைவிட, கூடவே ஆப்பிள் வாட்சைத் தவணைத் திட்டத்தில் வாங்கியவர்களின் உடலியக்கம் 34 சதவீதம் கூடியது. மாதத்துக்கு ஏறக்குறைய 4.8 நாள் அதிகம். ஆனால் வாட்சை விரும்பி எடுத்தவர்கள் அவர்களாகவே முன்வந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது.

இங்கேதான் இந்த வகையின் சிக்கல். விரட்டும், சரி. ஆனால் எத்தனை பேர் தலையைக் கொடுப்பார்கள்? புகை பிடிப்பதை நிறுத்த வைக்கும் ஒரு பெரிய சோதனை 2015-இல் வெளியானது. வெறும் பரிசு என்றால் 90 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். தங்கள் சொந்தப் பணத்தையும் முன்பணமாகக் கட்ட வேண்டும் என்றதும் சம்மதித்தவர்கள் 13.7 சதவீதம்தான். கட்டத் துணிந்தவர்களிடம் முன்பணம் நன்றாக வேலை செய்தது. ஆனால் மொத்தமாகப் பார்த்தால் பரிசுத் திட்டமே அதிகம் பேரை நிறுத்த வைத்தது. புகையும் நடையும் வேறு வேறு என்றாலும், தன் காசு போகும் என்றால் மனிதர்கள் பின்வாங்குவது இரண்டிலும் ஒன்றுதான்.

என்னைக் கேட்டால், முழு விலை கொடுத்தும் அந்த வாட்சை வாங்கியிருப்பேன் என்று சொல்லக்கூடியவர்தான் இதில் இறங்கலாம். இல்லாவிட்டால் இது உடற்பயிற்சி வேடத்தில் வந்த கடன். காலில் அடிபட்டு இரண்டு மாதம் படுத்தால் தவணைக்கு விலக்கு உண்டா? பாலிசியை நடுவில் விட்டால் மீதித் தொகையை மொத்தமாகக் கட்ட வேண்டுமா? கையெழுத்துக்கு முன் இந்த இரண்டுக்கும் பதில் வேண்டும்.

ஜிம் கட்டணம்

இதில் சொல்ல அதிகம் இல்லை. உறுப்பினர் கட்டணத்தில் ஒரு பங்கை மட்டும் தருவது, ஏற்கெனவே ஜிம்முக்குப் போகிறவருக்கு லாபம். மற்றவருக்குப் பெரும்பாலும் வீண். 2006-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 முறைதான் ஜிம்முக்குப் போயிருந்தார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. ஒரு முறைக்கு 10 டாலர் என்ற சீட்டு வாங்கிப் போயிருந்தால் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு மிச்சம். கட்டணத்தை விட்டுவிட்டு வருகையை எண்ணிப் பணம் தரும் திட்டம் கிடைத்தால் அது வேறு கதை. மாணவர்களை ஒரு மாதத்தில் எட்டு முறை ஜிம்முக்கு வரச்சொல்லிப் பணம் தந்த ஒரு சோதனையில், பணம் நின்ற பிறகும் அவர்கள் கூடுதலாக வந்துகொண்டிருந்தார்கள், அதிலும் முன்பு ஜிம் பக்கமே போகாதவர்கள். அது 2009-இல் வெளியானது.

எதை எண்ணுகிறார்கள்?

வெகுமதியைவிட இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம். அடி எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் திட்டத்தில் நீச்சல்காரருக்கும் சைக்கிள்காரருக்கும் எடை தூக்குபவருக்கும் ஒன்றும் கிடைக்காது. அவர்களுக்கு இதயத் துடிப்பையோ பயிற்சி நிமிடங்களையோ கணக்கில் எடுக்கும் திட்டம்தான் சரி. அதற்கு வாட்ச் தேவைப்படும், போன் போதாது.

இலக்கின் அளவும் முக்கியம். பத்தாயிரம் அடி என்பது 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியோடு பிரபலமான எண்; மருத்துவ ஆய்வு எதுவும் அதை எல்லையாக வகுக்கவில்லை. சராசரி வயது 72 உள்ள பெண்களை வைத்து அமெரிக்காவில் 2019-இல் வெளியான ஆய்வில், 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. சுமார் 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆக, வயதானவருக்குப் பத்தாயிரத்துக்கு ஒரு அடி குறைந்தாலும் பூஜ்யம் என்று சொல்லும் திட்டம் வேண்டாம். படிப்படியாகப் புள்ளி தரும் திட்டம் மேல். அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனியான யுனைடெட்ஹெல்த்கேரின் மோஷன் திட்டம் ஒரு கட்டத்தில் இதைக் கொஞ்சம் யோசித்துச் செய்திருந்தது. பத்தாயிரம் அடிக்கு ஒரு தொகை; 30 நிமிடத்துக்குள் 3,000 அடிக்கு இன்னொன்று; ஐந்து நிமிடத்தில் 300 அடி வீதம், இடையில் ஒரு மணி நேரம் விட்டு, நாளைக்கு ஆறு முறை எழுந்து நடந்தால் மற்றொன்று. மேசை வேலைக்காரருக்கு அந்தக் கடைசி விதி எட்டக்கூடிய ஒன்று.

கம்பெனிக்கு இதில் என்ன?

நம் ஆரோக்கியத்தின் மேல் அக்கறை என்று சொல்வார்கள். அமெரிக்காவில் இலினாய் பல்கலைக்கழகம் ஏறக்குறைய 5,000 ஊழியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு வெல்னஸ் (பணியிட ஆரோக்கிய) திட்டத்தைச் சோதித்தது. 2019-இல் வெளியான முடிவில், அந்தத் திட்டத்தால் மருத்துவச் செலவு குறைந்ததாகத் தெரியவில்லை. சேர்ந்தவர்கள் முன்பே செலவு குறைவானவர்களாக இருந்தார்கள். நல்ல உடம்புக்காரர்களை ஈர்த்து வைத்துக்கொள்வதே கம்பெனிக்கு ஒரு லாபம்தான். அதனால் வெகுமதியைப் பார்த்துப் பாலிசியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். காத்திருப்புக் காலம், அறை வாடகை வரம்பு, எதற்கெல்லாம் கிளெய்ம் கிடைக்காது என்பதையெல்லாம் பார்த்து இரண்டு பாலிசிகள் சமமாக நின்றால், அப்போது வெகுமதியை எடைபோடலாம்.

மூட்டுவலி, இதய நோய், கர்ப்பம் என்று நடக்க முடியாத காரணம் இருப்பவர்கள் மாற்று வழி உண்டா என்று கேட்க வேண்டும். அமெரிக்க விதிகளின்படி, பணியிட ஹெல்த் இன்சூரன்ஸோடு இணைந்து, உடற்பயிற்சிக்கு வெகுமதி தரும் திட்டங்கள், மருத்துவக் காரணத்தால் செய்ய இயலாதவருக்கு வேறொரு நியாயமான வழியைக் காட்டியாக வேண்டும். எந்த நாட்டில் இருந்தாலும் இந்தக் கேள்வியைக் கம்பெனியிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். கூடவே, இதயத் துடிப்பும் தூக்கமும் சேர்ந்த அந்தத் தரவு பிரீமியத்தை உயர்த்தவோ கிளெய்மை மறுக்கவோ பயன்படுமா, பாலிசியை விட்ட பிறகு அது அழிக்கப்படுமா என்றும் கேளுங்கள். போனில் வரும் பதிலை நம்பி ஆப்பை இணைக்க வேண்டாம், எழுத்தில் வரட்டும்.