உராய்வு அளக்கும் சிலிக்கான் முனை: நீண்ட நாள் புழக்கத்தில் தெரிந்தவை

அணுவிசை நுண்ணோக்கியில் (கூர்முனையால் பரப்பைத் தடவி அளக்கும் கருவி) உராய்வு அளக்க வழக்கமாகப் பூட்டுவது சாதாரண சிலிக்கான் கேன்டிலீவர்தான், அதாவது நுனியில் கூர்முனை கொண்ட மெல்லிய வளையும் பட்டை. நீளம் 450 மைக்ரான், தடிமன் 2 மைக்ரான், விறைப்பு மீட்டருக்கு 0.2 நியூட்டன், முனையின் ஆரம் 10 நானோமீட்டருக்குள். புதிதாக இருக்கும்வரை இதற்கு ஈடில்லை. அப்போதே உரித்த மைக்காவில் (தாள் தாளாக உரியும் கனிமம்) 5 நானோமீட்டர் ஓட்டினால் ரம்பப்பல் போலக் கோடு விழும், பல்லுக்குப் பல் 0.52 நானோமீட்டர். முனை ஓரிடத்தில் ஒட்டி நிற்கிறது, கேன்டிலீவர் முறுக்கேறுகிறது, சட்டென்று அடுத்த இடத்துக்கு வழுக்குகிறது. எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி.

சிக்கல் தேய்மானம்தான். முனை மழுங்கிய பிறகும் மேடுபள்ளப் படம் ஒழுங்காகவே வரும். உராய்வு எண் மட்டும் மெல்ல ஏறும். மாதிரியின் குணம் என்று அதை எழுதி வைத்தால் முழு அளவீடும் வீண்.

இதைக் காட்டிக்கொடுப்பது ஒட்டுவிசை, அதாவது முனையைப் பரப்பிலிருந்து பிரிக்கத் தேவைப்படும் விசை. ஈரக்காற்றில் முனைக்கும் பரப்புக்கும் நடுவே நீர்ப்பாலம் உருவாகிறது. நீர் நன்கு பரவும் பரப்பில் 10 நானோமீட்டர் முனையைப் பிரிக்க ஏறத்தாழ 9 நானோநியூட்டன் வேண்டும்; ஆரம் 50 ஆனால் 45. ஆக, 10 நானோமீட்டர் முனையில் 5 நானோநியூட்டன் சுமை வைத்ததாக நினைக்கும்போது உள்ளபடி அழுத்துவது 14. ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் விசை வளைவு (முனையைப் பரப்பில் தொட்டு விலக்கும்போது விசை மாறுவதைக் காட்டும் கோடு) எடுத்துவிடுங்கள். ஈரப்பதம் மாறாமலேயே ஒட்டுவிசை இரண்டு மடங்கானால் முனையைக் கழற்றிவிட வேண்டியதுதான். ஒட்டுவிசை ஏறி இறங்கித் தடுமாறினால் பெரும்பாலும் அழுக்கு ஒட்டியிருக்கும்.

ஓட்டும் திசை கேன்டிலீவரின் நீளத்துக்குச் செங்குத்தாக இருக்கட்டும். போகும்போதும் வரும்போதும் கிடைக்கும் பக்கவாட்டுச் சிக்னல்களின் (கேன்டிலீவரின் முறுக்கைக் காட்டுபவை) வித்தியாசத்தில் பாதிதான் உராய்வு. ஒரு பக்கத்தை மட்டும் எடுத்தால் பரப்பின் சரிவும் அதில் கலந்துவிடும். கேன்டிலீவரின் அசைவைக் காட்டும் லேசரைப் போட்டு அரை மணி நேரமாவது விடுங்கள், சிக்னலின் நகர்வு அடங்கும்.

வைரப்பூச்சு முனை நெடுநாள் உழைக்கும். ஆனால் ஆரம் பெரும்பாலும் 100 நானோமீட்டரைத் தாண்டுவதால் படி விளிம்புகள் மழுங்கித் தெரியும். பரப்பைத் தேய்த்துப் பார்க்கும் சோதனைக்கு அதுவே சரி. நுண்ணிய வித்தியாசங்களுக்கு அது உதவாது: சிலிக்கான் ஆக்சைடு மேல் கிடக்கும் கிராஃபீனில் (கார்பன் அணுக்களின் மெல்லிய தாள்) ஓரடுக்கின் உராய்வு, ஈரடுக்கின் உராய்வைவிட அதிகம். மெல்லிய தாள் முனைக்கு முன்னால் சுருங்கி எழும்புவதே காரணம். இந்த வித்தியாசத்தைப் பிடிக்க வைரப்பூச்சை நம்பாதீர்கள், புதிய சிலிக்கான் முனையையே பூட்டுங்கள்.