பழைய காப்பீட்டு நிறுவனத்தின் புதிய இணையதளம்: ஒரு முகவரி மாற்றத்தின் வழியே ஒரு மதிப்பீடு

பல தலைமுறைகளாக இயங்கிவரும் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்று அண்மையில் தன் இணையதளத்தைப் புதுப்பித்திருக்கிறது. அதன் நெடுநாள் வாடிக்கையாளரான நான், வீடு மாறிய பிறகு பாலிசியில் முகவரியை மாற்றுவதற்காக அதைத் திறந்தேன். கிளை அலுவலகத்தில் கவுன்ட்டரில் இருப்பவர் ஒரே படிவத்தில் முடித்துத் தந்துவந்த இந்த வேலைக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் போயிற்று. நிறுவனத்தின் நேர்மைமீது எனக்குள்ள மதிப்பு சற்றும் குறையவில்லை. அந்த மதிப்பு இருப்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முகப்புப் பக்கத்தில் தலைமை அலுவலகக் கட்டடமும் பெற்ற விருதுகளும் படங்களாக மாறி மாறி ஓடுகின்றன. அவற்றின் கீழே பாலிசி சேவைப் பிரிவு, கணக்குப் பிரிவு, ஆவணப் பிரிவு, வாடிக்கையாளர் தொடர்புப் பிரிவு என நான்கு இணைப்புகள் உள்ளன. முகவரியை மாற்ற வேண்டும் என்ற எண்ணத்தோடு வருபவருக்கு, அது எந்தப் பிரிவின் பொறுப்பு என்பது எப்படித் தெரியும்? நான் முதலில் வாடிக்கையாளர் தொடர்பில் மாற்றினேன். பாலிசியில் பழைய முகவரியே இருந்தது. பாலிசி சேவையில் மீண்டும் மாற்றினேன். பிரீமிய ரசீதில் பழையதே வந்தது. மூன்றாம் முறை கணக்குப் பிரிவுக்குள் போய் அதே கதவு எண்ணையும் தெருப் பெயரையும் தட்டச்சு செய்தபோதுதான், இந்தத் தளத்தை வரைந்தவர்கள் நிறுவனத்தின் நிர்வாக வரைபடத்தை அப்படியே எடுத்துப் பட்டியலாக்கியிருக்கிறார்கள் என்பது புரிந்தது.

ஒரு நிறுவனம் வடிவமைக்கும் எதிலும் அந்த நிறுவனத்தினர் தமக்குள் தொடர்புகொள்ளும் முறையே படிந்துவிடும் என்று கணினி அறிஞர் மெல்வின் கான்வே 1968இல் எழுதினார். நெடுங்காலம் தனித்தனிப் பேரேடுகளோடு இயங்கிய பிரிவுகளைக் கொண்ட பழைய நிறுவனங்களுக்கு இது மிகவும் பொருந்தும். அலுவலகத்தில் அந்தப் பிரிவுகளுக்கு இடையேயான இடைவெளியை அனுபவமுள்ள ஓர் ஊழியர் தாமே நடந்துபோய் நிரப்பிவிடுவார். இணையதளத்தில் அந்த ஊழியர் இல்லை. அவர் செய்துவந்த வேலை, யாரும் சொல்லாமலே, வாடிக்கையாளரின் தலையில் ஏற்றப்பட்டிருக்கிறது. இத்தளத்தின் மற்றக் குறைகளைவிட இதையே நான் பெரிதாகக் கருதுகிறேன், ஏனெனில் நிறத்தையும் எழுத்துருவையும் மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

படிவங்களின் நிலையும் கவலை தருகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் என்ன நிரப்ப வேண்டும் என்பது வெளிர்சாம்பல் நிறத்தில் கட்டத்துக்குள்ளேயே எழுதப்பட்டு, முதல் எழுத்தைத் தட்டியதும் மறைந்துபோகிறது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு வேண்டும் என்பது மாற்றுத்திறனாளிகளும் தளங்களைப் பயன்படுத்த வழிசெய்யும் இணைய அணுகுதன்மை வழிகாட்டு நெறிகள் 2008 முதல் சொல்லிவரும் அளவு. பார்வை மங்கிய முதியவர்களே மிகுதியாகப் பயன்படுத்தக்கூடிய ஒரு தளத்தில் அது பின்பற்றப்பட்டதாகத் தெரியவில்லை. தொலைபேசி எண்ணில் ஓர் இடைவெளி விட்டதற்கு 'தவறான உள்ளீடு' என்று மட்டும் செய்தி வந்தது. எந்தக் கட்டத்தில் தவறு என்று சொல்லாததோடு, நிரப்பிய அனைத்தையும் அது அழித்தும்விட்டது. இடைவெளியை நீக்கிக்கொள்வது கணினிக்கு ஒரு நொடி வேலைகூட இல்லை.

பாலிசி பத்திரத்தைத் தேடி எடுத்துவருவதற்குள் எச்சரிக்கை எதுவுமின்றித் தளம் என்னை வெளியேற்றிவிட்டது. காப்பீட்டுக் கணக்குக்குக் காலவரம்பு தேவை என்பதை ஏற்கிறேன். ஆனால் நேரம் முடியுமுன் எச்சரித்து, நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 விநாடிகள் தருவதை அதே வழிகாட்டு நெறிகள் ஓர் ஏற்ற வழியாகக் காட்டுகின்றன. பிறகு 'சமர்ப்பி' பொத்தானை அழுத்தியபோது திரையில் எந்த அசைவும் இல்லை. பயனரின் கவனம் கலையாமல் நிற்கும் எல்லை ஏறக்குறைய 10 விநாடிகள் என்று பயன்பாட்டியல் வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 1993இலேயே எழுதியிருக்கிறார். அந்த எல்லையைத் தாண்டிக் காத்திருந்து மீண்டும் அழுத்தினேன். ஒரே கோரிக்கை இரண்டாகப் பதிவாகியிருந்தது.

கடவுச்சொல்லை ஒட்ட அனுமதியில்லை, குறிப்பிட்ட இடைவெளியில் மாற்றியே ஆக வேண்டும் என்ற இரண்டு விதிகளும் பாதுகாப்பின் பெயரால் உள்ளன. அமெரிக்காவின் நிஸ்ட் தர நிறுவனம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இரண்டுக்கும் நேர்மாறாகவே பரிந்துரைத்தது.

நல்லவற்றையும் சொல்ல வேண்டும். பிரீமியம் செலுத்தும் பக்கம் சீராக வேலை செய்கிறது. தொகை, உரிய தேதி, பாலிசி எண் மூன்றும் ஒரே திரையில் தெளிவாகத் தெரிகின்றன. பழைய ரசீதுகள் அனைத்தையும் ஆண்டுவாரியாகப் பதிவிறக்கலாம். அந்தப் பக்கத்தை வடிவமைத்தவர் வாடிக்கையாளர் ஒருவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டே வடிவமைத்தார் என்று நம்புகிறேன். ஐந்து வாடிக்கையாளர்களிடம் தளத்தைத் தந்து, குறுக்கே பேசாமல் கவனித்திருந்தாலே முகவரிப் பக்கத்தின் சிக்கல் ஒரே நாளில் தெரிந்திருக்கும்.

இப்போதைக்குப் பிரீமியம் செலுத்தவும் ரசீது எடுக்கவும் இத்தளத்தைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். முகவரி மாற்றத்துக்கு உதவி எண்ணை அழையுங்கள். இரட்டைப் பதிவை நீக்கச் சொல்லி நான் அழைத்தபோது, பேசிய பெண்மணி மூன்று பிரிவுகளிலும் முகவரி சரியாக இருக்கிறதா என்று தாமாகவே பார்த்து உறுதிசெய்துவிட்டுத்தான் அழைப்பை முடித்தார்.