நத்தைத் தொட்டி ‘முழு செட்’ வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

நேற்று ராத்திரி கடைசி நத்தையும் செத்துவிட்டது. இருபதில் ஒன்றுகூட மிச்சமில்லை. கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால் எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாங்கியது ஓர் ஆன்லைன் தளத்தில். மீன், நீர்ச்செடி, நத்தை என்று தனி ஆட்கள் படம் போட்டு விற்கிற இடம். கண்ணாடித் தொட்டி, விளக்கு, செடிகள், இருபது குளத்து நத்தை, கூடவே ‘ஓடு டானிக்’ என்று ஒரு பாட்டில். எல்லாம் சேர்த்து என் பத்து நாள் சம்பளம்.

பார்த்ததும் பணத்தை அனுப்பிவிடவில்லை. நான்கு நாள் அந்த ஆளோடு பேசினேன். தொட்டிக்கு மூடி போடலாமா என்று கேட்டதற்கு, “போடுங்க சார், இல்லன்னா ஏறி வெளிய வந்துடும். ஆனா தண்ணிக்கும் மூடிக்கும் நடுவுல இடம் விடுங்க. இதுக்குச் செவுள் கிடையாது, நுரையீரல். மேல வந்து காத்து எடுத்துட்டுத்தான் கீழ போகும்” என்றார். சரியான பதில். எத்தனையோ கடைகளில் கேட்டிருக்கிறேன், இதை ஒருவரும் சொன்னதில்லை. விஷயம் தெரிந்த மனிதர் என்று நான் நம்பியது அந்த இடத்தில்தான். அப்புறம் ஒரு வீடியோ அனுப்பினார். வேகவைத்த கீரை இலையை ஒரு நத்தை ஓரத்திலிருந்து சுரண்டிச் சுரண்டித் தின்கிறது. அதைப் பார்த்த கையோடு பணம் அனுப்பினேன்.

முதல் வாரம் நன்றாகவே போனது. ராத்திரி கீரையோ வெள்ளரித் துண்டோ போடுவேன், காலையில் மிச்சத்தை எடுத்துவிடுவேன். விட்டால் அழுகி அமோனியா ஏறும். கண்ணாடியில் படிந்த பாசியை அவை மேய்ந்த தடம் வளைந்து வளைந்து தெரியும். ஆறாம் நாள் கண்ணாடியில் கூழ் போல நீளமாக ஒன்று ஒட்டியிருந்தது, உள்ளே வரிசையாகப் புள்ளிகள். முட்டை. முதலில் பார்த்தது என் மகள்தான். பொரிய இரண்டு மூன்று வாரம் ஆகும் என்றேன். காலண்டரில் வட்டம் போட்டு வைத்தாள்.

எட்டாம் நாள் இரண்டு நத்தைகளின் ஓட்டு நுனி வெளுத்திருப்பதைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். “டானிக் ஊத்தவே இல்லையா? ஒரு மூடி ஊத்துங்க, சரியாயிடும்.” ஊற்றினேன்.

விடிந்து பார்த்தால் கண்ணாடியில் ஒன்றுமில்லை. பாதி நத்தைகள் மணலில் மல்லாந்து கிடந்தன, உடல் ஓட்டுக்குள் ஆழமாக ஒடுங்கியிருந்தது. ஏழெட்டு தண்ணீரை விட்டே மேலே ஏறி மூடியோரம் ஒட்டியிருந்தன. ஒன்றின் உடல் வெளியே தொங்கியது, குச்சி நுனியால் தொட்டேன், சுருங்கவில்லை. உடனே பாதித் தண்ணீரை மாற்றினேன். பயனில்லை. மூன்று நாளில் இருபதும் போயின. முட்டைக் கூழும் பால் போல வெளுத்துவிட்டது.

ஈரக் கையோடு அந்தப் பாட்டிலை எடுத்தபோது ஸ்டிக்கர் நழுவியது. அடியில் இன்னொரு லேபிள்: பாசி நீக்கி. பொடி எழுத்தில், காப்பர் சல்பேட்.

காப்பர் நத்தைக்கு விஷம். நுரையீரல் பற்றி எனக்குப் பாடம் எடுத்த ஆளுக்கு இது தெரியாதா? மேலே ஸ்டிக்கர் ஒட்டத் தெரிந்திருக்கிறதே!

கேட்டேன். முதல் பதில்: “தண்ணி மாத்தினீங்களா சார்? அதான் காரணம்.” அடுத்தது, கூரியரில் வந்த அதிர்ச்சியாம். வந்து எட்டு நாள் கழித்தா அதிர்ச்சி? லேபிள் படத்தை அனுப்பினேன். “இது நான் அனுப்பின பாட்டில் இல்லை.” அதற்கப்புறம் எது அனுப்பினாலும் பார்க்கிறார், பதில் இல்லை. தளத்தின் உதவிப் பிரிவோ, உயிருள்ளவற்றுக்கு 24 மணி நேரத்துக்குள் புகார் தர வேண்டும் என்கிறது. என் புகார் நத்தை மேல் இல்லை, பாட்டில் மேல் என்று எழுதினேன். அதே பதில் எழுத்து மாறாமல் மூன்று முறை வந்தது. பத்து நாள் சம்பளம் போனது போனதுதான்.

நத்தை வளர்ப்பு பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது மனம் வரவில்லை. சிலது மட்டும். தொட்டியில் எதை ஊற்றும் முன்பும், மீன் மருந்தாகவே இருந்தாலும், காப்பர் இருக்கிறதா என்று பாருங்கள். ஓடு வெளுத்தால் டானிக் வேண்டாம்; தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறைந்து அமிலம் ஏறினால் ஓடு கரையும், கணவாய் ஓட்டில் ஒரு துண்டு போட்டால் போதும். காப்பர் கலந்த தொட்டியில் அதே மணலோடு மறுபடி நத்தை விடாதீர்கள், மணலில் அது தங்கும். பார்சல் பிரிக்கும்போது பாட்டில் வரைக்கும் வீடியோ எடுங்கள், நான் நத்தைகளை மட்டும்தான் எடுத்தேன். பேசிய மெசேஜ்களை அன்றன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அவருடைய விளம்பரம் இன்று காலையும் அங்கேதான் இருக்கிறது, அதே கீரை வீடியோவோடு. இப்படி ஒரு செட் வாங்கி இன்னும் டானிக் ஊற்றாதவர்கள் யாராவது இருந்தால், இப்போதே அந்த ஸ்டிக்கரை நனைத்து உரித்துப் பாருங்கள்.