தங்க ரேக்கின் மேல் விழும் ஒளி: ஓஎல்இடியும் எல்இடியும், நான்கு ஆண்டுகள்

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் தஞ்சாவூர் ஓவியம் எழுதுகிறேன். எதிர்மனையில் நான்கு மாடி எழும்பிய பிறகு மதியம் மூன்று மணிக்கே அறை இருண்டுவிடுகிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன், ஜெர்மனியில் படிக்கும் அக்கா மகன் நான்கு ஓஎல்இடி விளக்குப் பேனல்களைக் கொண்டுவந்தான். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், கண்ணாடித் தகடுபோல மெலிது. "சித்தி, இதில் பல்பே கிடையாது, தகடேதான் எரியும்" என்றான்.

எல்இடியில் ஒளி ஒரு சிறு சில்லிலிருந்து பாய்கிறது. ஓஎல்இடியில் இரண்டு மின்முனைகளுக்கு நடுவே, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய கரிமச் சேர்ம அடுக்குகள் பரப்பு முழுவதும் ஒளிர்கின்றன. 1987இல் கோடாக் நிறுவனத்தில் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த நுட்பம் இது. மேகம் மூடிய வானத்தின் கீழ் உட்கார்ந்திருப்பதுபோல நிழல் கரைந்துவிடுகிறது. இதன் அருமை எனக்குக் கண் திறக்கும்போதுதான், அதாவது ஓவியத்தின் கண்களை எழுதும்போதுதான், புரிந்தது. கிருஷ்ணனின் இமைக்கோட்டை ஒற்றை மயிர்த் தூரிகையால் இழுக்கும்போது, பழைய எல்இடி விளக்கில் தூரிகை முனையின் நிழல் கோட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கோடாக விழும். எது மை, எது நிழல் என்று கண் தடுமாறும். பேனலின் கீழ் அந்தத் தடுமாற்றம் அடியோடு போய்விட்டது. தகடு அதிகம் சுடுவதுமில்லை. முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் வேலை செய்கிறேன்.

ஆனால் பேனலை மட்டும் நம்பித் தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தாள், ஒட்டிய இரவு ஏமாந்தேன். மக்குப் பசை வைத்து மேடாக உயர்த்திய கிரீடத்தின் ஓரங்களில் ரேக்கு சரியாக அமுங்கவில்லை. காலை வெயில் சாய்வாக விழுந்தபோதுதான் அத்தனை சுருக்கமும் தெரிந்தது. நிழலே இல்லாத ஒளியில் மேடும் பள்ளமும் ஒன்றாகிவிடுகின்றன; பதித்த கற்களும் உயிரில்லாமல் கிடக்கின்றன. அதன் பிறகு இடப்பக்கம் தாழ்வாக, 3 வாட் எல்இடி விளக்கு ஒன்றைச் சாய்த்து வைத்தேன். முதலில் போட்டது 6500 கெல்வின் வெள்ளை (கெல்வின் ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு; எண் கூடினால் நீலம் தூக்கும், குறைந்தால் மஞ்சள்). பேனலோ 3000 கெல்வின். ஒரே பச்சை இடப்பக்கம் ஒரு நிறம், வலப்பக்கம் ஒரு நிறம். 3000 கெல்வினில், நிறக் காட்டெண் (நிறங்களை உள்ளபடி காட்டும் திறன், 100க்கு) 90க்கு மேற்பட்ட விளக்காக மாற்றிய பிறகே இரண்டும் இணங்கின.

குறைகளையும் சொல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டு மழைக்காலத்தில், துடைக்கும்போது ஒரு பேனலின் மூலை லேசாக விரிசல் விட்டது. ஈரமும் காற்றும் உள்ளே போனால் கரிம அடுக்கு தாங்காது. கடுகளவு கரும்புள்ளி மிளகளவாகி, சில மாதங்களில் பாதித் தகட்டைத் தின்றுவிட்டது. மாற்று வாங்க, மின்பொருள் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை. நிறமும் மெல்ல மாறுகிறது. நீல ஒளி தரும் சேர்மம் மற்றவற்றைவிட விரைவில் தளர்கிறது. அதிகம் எரிந்த பேனலையும் குறைவாக எரிந்ததையும் வெள்ளைத்தாளின் மேல் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். முன்னது சற்று மஞ்சள். மின்சாரத்தை ஒரே அளவில் மாறாமல் செலுத்தும் 'டிரைவர்' என்ற தனிக் கருவியும் வேண்டும். கையில் கிடைத்த ஏதோ ஒரு டிரைவரில் பேனலை மாட்ட வந்த எலக்ட்ரீஷியனை நான்தான் தடுத்தேன்.

விலையும் எளிதன்று. அந்தப் பணத்துக்கு வீடு முழுக்க நல்ல எல்இடி போட்டிருக்கலாம். ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் வெளிச்சத்திலும் நல்ல எல்இடிதான் முந்துகிறது. அதனால் சமையலறைக்கும் கூடத்துக்கும் ஓஎல்இடி வாங்கச் சொல்ல மாட்டேன். நுணுக்கமான கைவேலை செய்பவர்கள் அவசியம் பாருங்கள்; வாங்கும்போதே உதிரிப் பேனல் ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

மிஞ்சிய மூன்று பேனல்களும் மேசைக்கு மேலே தொங்குகின்றன. ரேக்கு ஒட்டும் நாளில் எல்இடியையும் ஏற்றிக்கொள்கிறேன். கண் திறக்கும் நாளில் அதை அணைத்துவிட்டுத்தான் தூரிகையைத் தொடுகிறேன்.