யாழ்ப்பாணத்தில் பாவித்த கார்: எந்தக் கடதாசியில் என்ன இருக்கிறது

"பரிசோதனை எல்லாம் பாஸ்" என்று கார் விற்பவர் நீட்டும் கடதாசியை வாங்கிப் பாருங்கள். அது புகைச் சான்றிதழாகத்தான் இருக்கும். குழாயால் வரும் புகை அளவோடு இருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. பிரேக் பிடிக்குமா, அடிப்பக்கம் துருப்பிடித்திருக்கிறதா என்றெல்லாம் அங்கே யாரும் பார்ப்பதில்லை. லொறிக்கும் பஸ்ஸுக்கும் தகுதிச் சான்றிதழ் உண்டு. வீட்டுக் காருக்கு அப்படி ஒன்று கிடையாது.

இந்த முறை ஊருக்குப் போனபோது அக்காவின் மகனுக்குக் கார் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. அவன் கொக்குவிலில் இருந்து கிளிநொச்சிக்கு வேலைக்குப் போய் வருகிறவன். குழந்தை பிறந்த பிறகு மோட்டார் சைக்கிள் போதவில்லை. லண்டனில் இருக்கிற மாமாவுக்குக் கார் தெரியும் என்று அக்கா முடிவுகட்டிவிட்டார்.

லண்டனில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வித்தைதான். பழைய கார் ஒன்று கண்ணில் பட்டால் அதன் இலக்கத்தை அரசாங்க இணையத்தளத்தில் அடிப்பேன். எம்ஓடி என்ற வருடாந்தப் பரிசோதனையின் பதிவுகள் இலவசமாகவே வந்துவிடும். இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் 2005 முதலான பதிவுகள் இருக்கின்றன. எந்தத் திகதியில் பாஸ், எப்போது பெயில், அன்று மீட்டர் எத்தனை மைல் காட்டியது, அடுத்த தடவைக்குள் எதைக் கவனிக்கச் சொன்னார்கள் என்று எல்லாம் வரிசையாக இருக்கும். ஓர் ஆண்டு 80,000 மைல், அடுத்த ஆண்டு 55,000 என்று இருந்தால் அந்தக் காரைப் பார்க்கப் போகும் டிக்கெட் காசாவது மிச்சம். அதிலும் விபத்து விவரம் வராது, அதற்குத் தனியாகக் காசு கட்டவேண்டும். புதிய காருக்கு முதல் மூன்று ஆண்டுகள் பரிசோதனையே இல்லை.

இந்த மூன்று ஆண்டுக் கணக்கு யாழ்ப்பாணத்தில் வேறு விதத்தில் உதைக்கிறது. ஜப்பானிலும் புதிய காருக்கு முதல் கட்டாயப் பரிசோதனை மூன்றாம் ஆண்டில்தான் வரும். நம் தெருக்களில் ஓடும் விட்ஸ், வாகன் ஆர், அக்குவா போன்ற ஜப்பான் கார்களில் பல அந்த வயதுக்கு முன்பே அங்கிருந்து கப்பல் ஏறியவை. ஆகவே அங்கேயும் பரிசோதனை இல்லை, இங்கேயும் இல்லை. அந்தக் காரைக் கடைசியாக அக்கறையோடு சுற்றிப் பார்த்து எழுதியவர் ஜப்பானில் பாவித்த கார்களை விற்கும் ஏலக் கூடத்து ஆள் மட்டுமே.

அவர் எழுதியதுதான் ஏலத்தாள். அதில் காரின் படம் விரித்து வரையப்பட்டு, பழுதுள்ள இடங்களில் எழுத்துகள் இடப்பட்டிருக்கும். ஏ என்றால் கீறல், யு என்றால் நெளிவு, டபிள்யு என்றால் திருத்திய தடயம், எக்ஸ் இரண்டு முறை இருந்தால் அந்தப் பாகமே மாற்றப்பட்டது. மேல் மூலையில் தரப்புள்ளி இருக்கும். அந்த இடத்தில் ஆர் என்று இருந்தால் விபத்துக்குப் பிறகு திருத்திய கார். விற்பவர் காட்டும் தாளை நம்பாதீர்கள், அதைத் தயாரித்துக் கொடுக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். சேசி இலக்கத்தை, அதாவது காரின் உடலிலேயே பொறித்திருக்கும் இலக்கத்தைக் கொடுத்து, கட்டணம் கட்டி, வேறு வழியாக நாமே எடுப்பதுதான் சரி. ஏலத்துக்குப் போகாத கார்களுக்குத் தாளும் கிடைக்காது.

மானிப்பாய்ப் பக்கம் நாங்கள் முதலில் பார்த்த விட்ஸ் வெளியே பளபளவென்று இருந்தது. மீட்டரில் 61,000 கிலோமீட்டர். நாங்கள் எடுப்பித்த தாளில், ஜப்பானில் விற்ற அன்றே 78,000. விற்பவரிடம் கைத்தொலைபேசியில் காட்டினோம். அவர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஜப்பான்காரன் பிழையாக எழுதியிருப்பான் தம்பி" என்றார். தேநீர் குடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று வற்புறுத்தினார். குடித்துவிட்டு வந்தோம்.

இந்தப் பயணத்தில் நான் மனம் நிறைந்து காசு கொடுத்த சேவை கோண்டாவிலில் ஒரு கராஜ். போரின்போது இருந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் ஏ40, மொறிஸ் மைனர் கார்களைப் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடவைத்த தலைமுறையைச் சேர்ந்தவர் அந்த அண்ணை. இப்போது அவரிடமும் ஸ்கேனர் இருக்கிறது. ஆனால் அதைக் கடைசியாகத்தான் செருகினார். முதலில் சீட் பெல்ட்டை முடிவு வரை இழுத்து, அடியில் ஒளிந்திருக்கும் பகுதியை விரலால் தடவிப் பார்த்தார். வெள்ளத்தில் நின்ற கார் என்றால் அங்கே சேற்றுக் கோடு தங்கிவிடுமாம். 2016 மே மாத வெள்ளத்தில் கொழும்புக்கு அருகே கொலன்னாவைப் பக்கம் நீரில் நின்ற கார்கள் பிறகு எங்கே போயின என்று அவரே கேட்டு, அவரே சிரித்தார். பெல்ட்டில் தைத்திருக்கும் துண்டில் தயாரித்த திகதியைப் படித்தார். கண்ணாடிகளின் மூலையில் உள்ள குறிகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அது உடைந்து மாற்றியது.

பிறகு ஜாக்கியில் ஏற்றி அடிப்பக்கம் டோர்ச் அடித்தார். லண்டனில் எம்ஓடி பதிவுகளில் ஓயாமல் வரும் சொல் துரு. அங்கே பனிக்காலத்தில் வீதியில் கொட்டும் உப்பு அதற்குக் காரணம். இங்கே கடல் நீரேரி அந்த வேலையைச் செய்கிறது. நாங்கள் கொண்டுபோன இரண்டாவது விட்ஸ் வேலணையில் இருந்து, நீரேரிக்குக் குறுக்கே போகும் பண்ணைப் பாலம் வழியாகத் தினமும் வந்து போன கார். மேலே ஒரு கீறலும் இல்லை. அடியில் ஸ்குரூட்ரைவர் பட்ட இடத்தில் துரு பொரிந்து உதிர்ந்தது. அதையும் விட்டோம்.

மூன்றாவது, இணுவிலில் ஓர் ஆசிரியருடையது. தாளில் முன் மட்கார்ட் மாற்றியதாக இருந்தது. அவர் அதைக் கேட்கும் முன்பே சொன்னார். மீட்டரும் ஒத்துப்போனது.

இனிக் கடதாசி வேலை. பதிவுப் புத்தகத்தில் பெயர் இருப்பவரும் விற்பவரும் ஒரே ஆளா என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். வாங்குபவரின் பெயர் இடாமல் கையெழுத்து மட்டும் வைத்த மாற்றப் படிவத்தோடு கார்கள் கைமாறிக்கொண்டே போவது இங்கே வழக்கம். இதை 'ஓப்பின் பேப்பர்' என்கிறார்கள். அப்படி வாங்கினால் இடையில் எத்தனை பேர் ஓட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது. விற்றால் 14 நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது, அது சட்டப் புத்தகத்தோடு நின்றுவிடுகிறது. மருமகன் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், விசாரித்துவிட்டு வந்தான். பதில் சொன்ன உத்தியோகத்தர் பொறுமையானவர், தமிழில் தெளிவாக விளக்கினாராம். வரிசையைப் பற்றி அவன் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அடுத்தது லீசிங். தவணை முடியாத காரில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 தொடக்கம் வரை தனியார் கார்களுக்குக் கதவு திறக்காததால் பாவித்த கார்களின் விலை ஏறிப்போய், லீசிங் இல்லாமல் வாங்கியவர்களைக் காண்பது அரிதாகிவிட்டது. ஆசிரியரின் புத்தகத்திலும் அப்படி ஒரு பெயர் இருந்தது. தவணை முடிந்துவிட்டது, பெயரை எடுப்பிக்கவில்லை, அவ்வளவுதான் என்றார். உண்மையாகத்தான் இருக்கும். இருந்தாலும் முற்பணம் மட்டும் கொடுத்து, அதற்கு எழுத்தில் ரசீது வாங்கிக்கொண்டோம். நிதி நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதம் அவர் கைக்கு வரும்போது நான் லண்டன் திரும்பியிருந்தேன். மருமகன் அதைப் படம் பிடித்து அனுப்பினான். சேசி இலக்கத்தை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்த பிறகு, மீதியைக் கொடுக்கலாம் என்று பதில் போட்டேன்.