பனிக்காலத்துக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு டிரெய்லர்: எதை வாங்கலாம், எதை விடலாம்

கால்கரி, எட்மன்டன் பக்கம் இருக்கும் நம் குடும்பங்கள் பல கோடையில் கூடாரத்தில் ஆரம்பிக்கின்றன, அப்புறம் வாடகை டிரெய்லர், இரண்டு மூன்று வருடம் போனதும் "சொந்தமாக ஒன்று இருந்தால் பனிக்காலத்திலும் போகலாமே" என்ற பேச்சு வந்துவிடும். போக இடமும் இருக்கிறது. பான்ஃபில் டனல் மவுண்டன் வில்லேஜ் 2, லேக் லூயிஸில் டிரெய்லர்களுக்கான முகாம் இரண்டுமே குளிர்காலத்திலும் திறந்திருக்கும், மின் இணைப்பும் உண்டு. ஒன்டாரியோக்காரர்களுக்கு அல்கான்குவின் பூங்காவின் மியூ லேக் இருக்கிறது. கடையில் போய் நின்றால்தான் குழப்பம். எல்லா டிரெய்லரிலும் "ஃபோர் சீசன்" என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளிருக்காக மெனக்கெட்டுக் கட்டிய டிரெய்லர்களில் பெரும்பாலும் பிள்ளைகளுக்குப் படுக்கை கிடையாது. படுக்கை தாராளமாக இருப்பவை குளிரை மனதில் வைத்துக் கட்டியவை அல்ல. இரண்டும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம், கிடைத்தால் அதை இழுக்கப் பெரிய பிக்கப் வேண்டும். இதை ஒத்துக்கொண்டு கடைக்குள் போனால் தேர்வு பாதி முடிந்த மாதிரி.

அந்த ஸ்டிக்கரைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபோர் சீசன் என்று சொல்லிக்கொள்ளத் தொழிலில் பொதுவான தரவிதி எதுவும் இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோன்றியதை அந்தப் பெயரில் விற்கிறது. ஒருவருக்கு அது தண்ணீர், கழிவுநீர் டாங்க்குகளுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் மூடி, இன்னொருவருக்கு இரட்டைக் கண்ணாடி ஜன்னல், தனி வெப்பக் குழாய், உள்ளே வைத்த வால்வு எல்லாம் சேர்ந்தது. கூரை ஆர்-38, ஆர்-40 என்று வெப்பத்தடுப்பு அளவு (எண் கூடினால் குளிர் உள்ளே வருவது குறையும்) போட்டிருப்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓர் அங்குல ஃபோம் ஏறக்குறைய ஆர்-4 அல்லது 5 கொடுக்கும். டிரெய்லர் சுவரின் மொத்தத் தடிமனே ஒன்றரை அல்லது இரண்டு அங்குலம்தான். பளபளக்கும் ஃபாயில் தாளுக்குப் பெரிய எண்ணைக் கூட்டிப் போட்டுத்தான் அந்தக் கணக்கு வருகிறது. அதோடு சுவருக்குள் அலுமினியச் சட்டம் போகும் இடத்திலெல்லாம் குளிர் நேராக உள்ளே வரும். மைனஸ் 20ல் உள்பக்கச் சுவரைத் தடவிப் பார்த்தால் சட்டம் எங்கே இருக்கிறது என்று விரலுக்கே தெரியும்.

சரி, வண்டிகளுக்கு வருவோம். இரண்டு பிள்ளைகள், அவர்களுக்கு ஆளுக்கொரு நிலையான படுக்கை, ஜனவரியில் மலைப்பக்கம் இரண்டு மூன்று இரவு. இதுதான் என் அளவுகோல்.

குளிரை மட்டும் பார்த்தால் முதலில் சொல்ல வேண்டியவை ஃபைபர்கிளாஸ் வார்ப்பு டிரெய்லர்கள். டென்னஸியில் ஹோஹன்வால்டில் செய்யும் ஆலிவர், பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஆம்ஸ்ட்ராங்கில் செய்யும் பிக்ஃபுட். ஆலிவரில் உள்ளே ஒரு ஓடு, வெளியே ஒரு ஓடு என்று இரட்டை உடம்பு, டாங்க்குகளும் குழாய்களும் அந்த இரண்டுக்கும் நடுவே. பிக்ஃபுட்டில் ஒன்றரை அங்குல அடர்ந்த ஃபோம், ஓட்டில் இணைப்பு மிகக் குறைவு என்பதால் ஒழுகுவதற்கான இடமும் குறைவு. இரண்டிலும் ஸ்லைடு (நிறுத்திய பிறகு பக்கவாட்டில் வெளியே தள்ளி அறையை அகலமாக்கும் பகுதி) கிடையாது, குளிர்காலத்தில் அது பெரிய வரம். ஆனால் ஆலிவரின் பெரிய மாடலான எலீட் 2, இருபத்து மூன்றரை அடி நீளத்தில் இரண்டு பெரியவர்களுக்கு ஏற்றது, மூன்றாவதாக ஒருவர் சமாளிக்கலாம். பிக்ஃபுட்டில் சாப்பாட்டு மேசையைத் தினமும் இரவில் மடக்கிப் படுக்கையாக்க வேண்டும். பனியில் விளையாடிவிட்டு நனைந்த பூட்ஸோடு உள்ளே வரும் பிள்ளைகள், காயப்போட்ட கையுறைகள், சூப், வண்ணப் பென்சில் எல்லாம் அந்த ஒரே மேசையில்தான் இருக்கும். ஒரே ஒரு சின்னப் பிள்ளை உள்ளவர்கள் யோசிக்கலாம். இரண்டு பேர் என்றால் எவ்வளவு ஆசையாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

ஏர்ஸ்ட்ரீமை நிறையப் பேர் கேட்கிறார்கள். ஃபிளையிங் கிளவுட் 30 அடியில் பங்க் (அடுக்குப் படுக்கை) உள்ள மாடல் இருக்கிறது, அழகான வண்டி, இழுக்கவும் சுகம். ஆனால் அதன் எலும்புக்கூடும் தோலும் அலுமினியம், வெப்பத்தை வெளியே கடத்த அதைவிட நல்ல பொருள் தேட வேண்டும். உறைபனிக்கு ஓரிரு டிகிரி கீழே சமாளிக்கும். ஜனவரி ராக்கீஸுக்காக லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் கொடுப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

அடுத்தது அதிகம் விற்கும் வகை. எடுத்துக்காட்டாக கிராண்ட் டிசைன் கம்பெனியின் இமேஜின் 2800பிஎச். இண்டியானாவில் 2012ல் தொடங்கிய கம்பெனி, 2016லிருந்து வின்னபேகோவின் கையில். சுமார் 33 அடி நீளம், வெறும் எடை 6,500 பவுண்டு அளவில். பின்மூலையில் மேலும் கீழும் இரட்டை அகலப் பங்க், முன்னால் பெற்றோருக்குத் தனி அறை, ஸ்லைடு திறந்தால் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து விளையாட இடம். குடும்பத்துக்கான உள்ளமைப்பு என்றால் இதுதான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடிப்பகுதி மூடியிருக்கும், ஃபர்னஸிலிருந்து (எரிவாயுவில் ஓடும் வெப்பமூட்டி) ஒரு குழாய் அங்கே சூடான காற்றை அனுப்பும். மைனஸ் 5, மைனஸ் 8 வரை கவலையில்லாமல் போகலாம். அதற்குக் கீழே போனால் ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், ஸ்லைடைச் சுற்றியுள்ள ரப்பர், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வடிகால் வால்வு மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொல்லை கொடுக்கும். ஜேகோவின் ஜே ஃபிளைட் வரிசையும் ஏறக்குறைய இதே நிலைதான், விலை இன்னும் கொஞ்சம் கம்மி, மரச்சட்டச் சுவர்.

லான்ஸ் 2185 ஒரு நடுவழி. கலிபோர்னியாவில் லான்காஸ்டரில் செய்வது, வெறும் எடை 5,000 பவுண்டை ஒட்டி, பின்பக்கம் பங்க், ஒரே ஒரு ஸ்லைடு. சுவரில் மரத்தகட்டுக்குப் பதிலாக அஸ்டெல் என்ற கலப்புப் பொருள், ஈரத்தில் ஊறாது, அழுகாது. கூரைத் திறப்புகளுக்கு மூடி, இரட்டைக் கண்ணாடி ஜன்னல் எல்லாம் எந்தெந்தப் பொதியில் வருகின்றன என்று ஆர்டருக்கு முன்னால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பங்க் குறுகல். எட்டு வயதுப் பிள்ளைக்குத் தாராளம், பதினான்கில் காலை மடக்கிப் படுக்க வேண்டியிருக்கும்.

கடைசியாக, ஓரிகனில் லா கிராண்ட் என்ற சிறிய ஊரிலிருந்து வரும் இரண்டு. நார்த்வுட் கம்பெனியின் ஆர்க்டிக் ஃபாக்ஸ், அதன் சகோதர நிறுவனமான அவுட்டோர்ஸ் ஆர்வி. அடிச்சட்டத்தையே சொந்தமாக வெல்டிங் செய்து கட்டுகிறார்கள், டாங்க்கும் வடிகால் வால்வும் சூடான பகுதிக்குள்ளேயே இருக்கின்றன, கட்டி ஃபோமை அளவாக வெட்டி வைக்கிறார்கள். மைனஸ் 15, மைனஸ் 20ல் தண்ணீரைப் பயன்படுத்திக்கொண்டே தங்குபவர்களிடம் கேட்டால் இந்தப் பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். சிக்கல் மூன்று. பங்க் உள்ள மாடல்கள் கொஞ்சம்தான், மேற்கு மாகாணங்களுக்கு வெளியே டீலர் கிடைப்பது கஷ்டம், அப்புறம் எடை. ஆர்க்டிக் ஃபாக்ஸ் 25ஒய் மாதிரி நடுத்தர அளவே காலியாக 7,000 பவுண்டை ஒட்டி நிற்கும், அதில்கூடப் பிள்ளைகளுக்கு சோபாவும் மேசையும்தான்.

இனி யாரும் கடையில் காட்டாத இடத்துக்கு வருகிறேன், பங்க் மூலை. பங்க் பெரும்பாலும் வண்டியின் பின்கோடியில் இருக்கும். இரண்டு பக்கம் வெளிச்சுவர், மேல் பங்க்கில் இருப்பவருக்குக் கூரையும் சேர்ந்து மூன்று பக்கம். ஃபர்னஸோ நடுவில் சமையலறைக்கு அடியில் இருக்கும், அதன் கடைசிக் குழாய் பங்க்குக்கு வந்து சேர்வதற்குள் காற்று பாதி ஆறிவிடும். பெற்றோர் அறையில் 21 டிகிரி இருக்கும்போது கீழ்ப் பங்க்கின் கால்மாட்டில் 12 இருப்பது சாதாரணம். நாலு பேர் ராத்திரி முழுக்க விடும் மூச்சிலேயே ஒரு லிட்டருக்கு மேல் ஈரம் சேர்கிறது, அது போய்ப் படிவது அந்தக் குளிர்ந்த மூலையில்தான். நாங்கள் வாடகைக்கு எடுத்த ஒரு வண்டியில் காலையில் சின்னவளின் மெத்தையைத் தூக்கினால் அடியில் பலகை சொதசொதவென்று நனைந்திருந்தது, சுவரை ஒட்டி வைத்த போர்வை ஒட்டிக்கொண்டு விறைத்திருந்தது. பிள்ளைக்கு இருமல் வர வேறு காரணம் வேண்டாம். அதனால்தான் நான் எந்த வண்டிக்குள் போனாலும் முதலில் பங்க்கில் ஏறி மெத்தையைத் தூக்கிப் பார்க்கிறேன். அடியில் காற்றுப் போக இடைவெளி இருக்கிறதா, வெப்பக் குழாயின் வாய் அந்த இடத்துக்கே வருகிறதா, ஜன்னல் ஒற்றையா இரட்டையா, அவசரத்தில் பிள்ளை தானே திறந்து வெளியேற வழி இருக்கிறதா. பங்க் ஓரமாக வெப்பவாய் இல்லாத வண்டியை நான் பனிக்காலத்துக்கு வாங்க மாட்டேன், ஸ்டிக்கரில் என்ன போட்டிருந்தாலும் சரி. மெத்தைக்கு அடியில் வலைப்பாய் போடுவது, கூரை விசிறியை இரண்டு விரல் திறந்து வைப்பது இரண்டும் எந்த வண்டிக்கும் தேவை. அடுப்பைப் பற்றவைத்து உள்ளே சூடேற்றுவது கூடவே கூடாது: எரியும் புரொப்பேன் ஈரத்தையும் கொட்டும், கார்பன் மோனாக்சைடு அபாயமும் இருக்கிறது. ஃபர்னஸ் புகையை வெளியே விடுகிறது, அடுப்பு விடுவதில்லை.

எரிவாயுக் கணக்கையும் போட்டுவிடுவோம். 30 பவுண்டு சிலிண்டரில் சுமார் ஆறரை லட்சம் பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு). 35,000 பிடியு ஃபர்னஸ் கடுங்குளிரில் பாதி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு நாலு லட்சத்துக்கு மேல் போகும். அதாவது ஒரு சிலிண்டர் ஒன்றரை நாள், இரண்டு இருந்தால் மூன்று நாள். ஃபர்னஸ் விசிறிக்கு 12 வோல்ட்டில் 8 ஆம்பியர் வைத்துக்கொண்டால்கூட நாளுக்கு நூறு ஆம்பியர்-மணியைத் தொடும், ஒற்றை ஈய பேட்டரி விடியும் முன்னே படுத்துவிடும். ஆகவே முதல் சில வருடம் மின் இணைப்புள்ள இடமாகவே போங்கள். லித்தியம் பேட்டரி என்றால் அது வண்டிக்குள் இருக்க வேண்டும் அல்லது தானே சூடாக்கிக்கொள்வதாக இருக்க வேண்டும், உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது.

மின் இணைப்பு இருக்கிறதே என்று மின் ஹீட்டரை ஓட்டி எரிவாயுவை மிச்சப்படுத்துபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. 1,500 வாட் ஹீட்டர் தருவது ஐயாயிரம் பிடியு சொச்சம்தான், ஆனால் அது உள்ளே அறையைச் சூடாக்கி தெர்மோஸ்டாட்டைத் திருப்திப்படுத்திவிடும், ஃபர்னஸ் ஓடாது, ஃபர்னஸ் ஓடாவிட்டால் அடியில் டாங்க்குகளுக்குச் சூடான காற்றும் போகாது. அறை கதகதப்பாக இருக்கும்போதே கீழே குழாய் உறைந்துகொண்டிருக்கும். டாங்க்குக்குத் தனி மின் சூட்டுத்தகடு இருக்கும் வண்டிக்கு நான் கூடுதலாகக் காசு கொடுப்பேன், இந்த ஒரு காரணத்துக்காகவே.

இழுக்கும் வண்டி. சியன்னா, ஒடிஸி வைத்திருப்பவர்கள் மேலே சொன்ன எதையும் இழுக்க முடியாது, அவற்றின் வரம்பு 3,500 பவுண்டு. ஹைபிரிட் அல்லாத பெட்ரோல் ஹைலேண்டர் 5,000, அதில் லான்ஸே காலியாக இருந்தால்தான். எஃப்-150 போன்ற அரை டன் பிக்கப்பில் "பத்தாயிரம் பவுண்டு இழுக்கும்" என்ற விளம்பரத்தை விட்டுவிட்டு ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பேலோட் எண்ணை, அதாவது பிக்கப் தன்மேல் தாங்கக்கூடிய எடையைப் பாருங்கள், பெரும்பாலும் 1,500லிருந்து 1,900க்குள் இருக்கும். ஆர்க்டிக் ஃபாக்ஸில் சாமான் ஏற்றி 8,000 பவுண்டு ஆனால் ஹிட்ச்சில் (டிரெய்லரை மாட்டும் கொக்கி) அழுத்துவது ஆயிரம். நாலு பேர் 500, ஹிட்ச் நூறு, ஸ்கீ, ஸ்லெட், குளிர்ச் சட்டைகள் இன்னொரு இருநூறு. ஆயிரத்து எண்ணூறு வந்துவிட்டது. பனி படிந்த டிரான்ஸ்-கனடா சாலையில் பிள்ளைகளைப் பின்னால் உட்காரவைத்து விளிம்பில் ஓட்டுகிற வேலை வேண்டாம், அடுத்த பெரிய வகையான முக்கால் டன் பிக்கப் இல்லாமல் ஓரிகன் வண்டிகளை நினைக்காதீர்கள்.

என் தேர்வு இப்படி. முக்கால் டன் இருக்கிறது, வருடத்தில் பல வாரயிறுதிகள் மைனஸ் 15க்குக் கீழே போவது நிச்சயம் என்றால் அவுட்டோர்ஸ் ஆர்வி பங்க் மாடல், பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. அரை டன் பிக்கப், குளிர்காலத்தில் எப்போதாவது இரண்டு தடவை என்றால் இரட்டைக் கண்ணாடியோடு ஆர்டர் செய்த லான்ஸ், உறைபனி கடுமையாகும் நாட்களில் குழாயில் தண்ணீர் விடாமல் கேனில் கொண்டுபோய் முகாமின் கழிப்பறையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். கோடைதான் முக்கியம், அக்டோபரும் ஏப்ரலும் கூடுதல் ஆசை என்றால் இமேஜின் போதும், மிச்சப் பணத்தைப் பிள்ளைகளின் ஸ்கீ வகுப்புக்கு வையுங்கள்.

எதுவானாலும் ஜனவரியில் போய்ப் பாருங்கள். டீலரிடம் சொல்லி முந்தின இரவே ஃபர்னஸைப் போட்டுவைக்கச் சொல்லுங்கள், சின்னத் தெர்மாமீட்டர் இரண்டு எடுத்துப் போய் ஒன்றைப் பெற்றோர் கட்டிலிலும் இன்னொன்றைக் கீழ்ப் பங்க்கின் கால்மாட்டிலும் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருங்கள். இரண்டுக்கும் ஐந்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் என்றால் விலை பேச வேண்டாம்.