பாயா, பாடமா: மழலையர் வகுப்பின் மதிய நேரம்

என் இரண்டு பிள்ளைகளும் நான்கு ஆண்டு இடைவெளியில் இரண்டு வேறுவிதமான மழலையர் வகுப்புகளுக்குச் சென்றார்கள். மூத்தவள் எங்கள் தெருமுனையில் இருந்த அங்கன்வாடிக்கு, அதாவது ஊர் வழக்கில் இன்றும் பால்வாடி என்றே சொல்லப்படும் மையத்துக்குச் சென்றாள். இளையவன் வேனில் அரை மணி நேரம் போக வேண்டிய ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்ந்தான். முன்னதில் சாப்பாடு முடிந்ததும் பாய் விரித்துவிடுவார்கள்; பின்னதில் மூன்று மணி வரை பாடம் நடக்கும். கட்டணம், பயிற்றுமொழி, கட்டடம், கழிப்பறை என்று எத்தனையோ கேள்விகளைக் கேட்டு இளையவனைச் சேர்த்த நான், மதியத்தில் பிள்ளை எங்கே படுப்பான் என்று மட்டும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியின் கனம் ஒரு பருவம் முடிவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது.

எந்த ஏற்பாடு நல்லது என்று பார்ப்பதற்கு முன், குழந்தைக்கு எவ்வளவு தூக்கம் வேண்டும் என்பதில் தெளிவு வேண்டும். 3 வயது முதல் 5 வயது வரையிலான குழந்தை, மதியத் தூக்கத்தையும் சேர்த்து, ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-ல் பரிந்துரைத்தது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் 3, 4 வயதுக் குழந்தைகளுக்கு இதே அளவைத்தான் சொல்கிறது. இந்தக் கணக்கை நம் வீடுகளில் பொருத்திப் பாருங்கள். அப்பா வேலை முடிந்து வரும் நேரம், இரவுச் சாப்பாடு, தொலைக்காட்சி எல்லாம் முடிந்து பத்து மணிக்குப் படுக்கும் குழந்தை, வேனுக்காக ஆறரைக்கு எழுப்பப்பட்டால் இரவில் அதற்குக் கிடைப்பது எட்டரை மணி நேரம்தான். குறைந்தபட்ச அளவுக்கே ஒன்றரை மணி நேரம் பற்றாக்குறை. அந்தப் பற்றாக்குறை மதியத்தில் ஈடுகட்டப்படுகிறதா, இல்லையா என்பதில்தான் மழலையர் வகுப்புகள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன.

எல்லோரும் தூங்கும் மையம்

தமிழ்நாட்டின் அங்கன்வாடிகளில் மதியத் தூக்கம் நெடுங்காலமாக அன்றாட நிரலில் ஒரு பகுதியாகவே இருந்து வருகிறது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975-ல் தொடங்கியது. 1982-ல் வந்த சத்துணவுத் திட்டம் பள்ளிப் பிள்ளைகளோடு இந்தச் சிறு குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டது. கூலி வேலைக்குப் போகும் தாய்மார்கள் மாலைவரை பிள்ளையை விட்டுச் செல்ல ஓர் இடம் தேவைப்பட்டதால், சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் என்பது இங்கே இயல்பாகவே அமைந்தது. என் மகள் போன மையத்தில் பன்னிரண்டு மணியளவில் கலவை சாதமும் முட்டையும் கொடுத்து, கை கழுவவைத்து, ஆயா அம்மா ஜமுக்காளத்தை உதறி விரிப்பார். பதினைந்து நிமிடத்துக்குள் பாதிப் பிள்ளைகள் உறங்கிவிடும். மூன்று வயதில் அவளுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருந்திருக்க முடியாது. மாலையில் முகம் தெளிந்து, அன்று படித்த பாட்டைக் கையசைத்துப் பாடிக்கொண்டே என்னோடு நடந்து வருவாள்.

அந்தப் பாட்டு அவள் நினைவில் நின்றதற்கும் அந்தத் தூக்கத்துக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்பதை நான் பிற்பாடுதான் அறிந்தேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 40 மழலையர் வகுப்புக் குழந்தைகளுக்குக் காலையில் கட்டங்களில் படங்கள் இருக்கும் இடத்தைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு நாள் மதியம் அவர்களைத் தூங்கவைத்தும், வேறொரு நாள் விழித்திருக்கவைத்தும் சோதித்தபோது, தூங்காத நாளில் அவர்கள் கூடுதலாக மறந்தார்கள். அந்த இழப்பை அன்றைய இரவுத் தூக்கத்தால்கூட மீட்க முடியவில்லை. மதியத்தில் வழக்கமாகத் தூங்கும் குழந்தைகளிடம்தான் இந்த வேறுபாடு மிகுதியாகத் தெரிந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சின்னஞ்சிறு மூளையில் புதிய நினைவுகளை முதலில் வாங்கிவைக்கும் பகுதி இன்னும் முதிராததால், அதன் சுமையை அடிக்கடி இறக்கிவைக்க வேண்டியிருக்கிறது என்றும், அது முதிர முதிர மதியத் தூக்கம் தானாகவே உதிர்ந்துவிடுகிறது என்றும் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் விளக்கம் தருகிறார்கள்.

ஆனால் இந்த ஏற்பாட்டின் குறையையும் என் மகளே எனக்குக் காட்டினாள். நாலரை வயதைக் கடந்த பிறகு அவளுக்கு மதியத்தில் தூக்கம் வரவில்லை. வராத தூக்கத்துக்காக இரண்டு மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு கிடக்க வேண்டியிருந்தது. திரும்பிப் படுத்தால் அதட்டல், பக்கத்துப் பிள்ளையோடு பேசினால் பூச்சாண்டி. தப்பித் தவறித் தூங்கிவிட்ட நாள்களில் இரவு பதினொன்று வரை வீட்டில் ஓடிக்கொண்டிருப்பாள். இதற்காக ஆயாவையோ டீச்சரையோ குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதிவேடுகளை எழுதுவதற்கும், எடை, உயர விவரங்களைக் கைபேசிச் செயலியில் ஏற்றுவதற்கும், பாத்திரம் கழுவி முடிப்பதற்கும் அவர்களுக்கு அமைதியாகக் கிடைக்கும் ஒரே நேரம் அதுதான். இருந்தாலும், குழந்தையின் தேவைக்காக வந்த வழக்கம் எந்த வயதில் பெரியவர்களின் தேவைக்காக நீள்கிறது என்பதை நாம் நேர்மையாகப் பார்த்தாக வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் செய்யப்பட்ட ஆய்வுகள் இந்த இடத்தில் துணைக்கு வருகின்றன. அங்கே 60 நிமிடங்களுக்கு மேல் கட்டாயமாகப் படுக்கவைத்த மையங்களின் குழந்தைகள், மற்றவர்களைவிட இரவில் குறைவாகத் தூங்கினார்கள். அவர்கள் பள்ளிக்குப் போன பிறகும் அந்தக் குறைவு நீடித்தது. அதே ஆய்வாளர்கள் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, இரண்டு வயதுக்கு முன் மதியத் தூக்கத்தைக் கைவிடும் குழந்தைகள் 2.5 சதவீதத்துக்கும் குறைவு என்றும், ஐந்து வயதுக்குள் 94 சதவீதக் குழந்தைகள் அதைக் கைவிட்டுவிடுகிறார்கள் என்றும் தெரியவந்தது. மழலையர் வகுப்பின் ஆண்டுகள் சரியாக இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் விழுகின்றன. ஒரே ஜமுக்காளத்தில் படுத்திருக்கும் முப்பது பிள்ளைகளில், தூக்கம் இல்லாமல் முடியாத பிள்ளையும் தூக்கமே வேண்டாத பிள்ளையும் அடுத்தடுத்துப் படுத்திருப்பார்கள். எல்லோருக்கும் ஒரே விதி என்பது எந்த வடிவில் வந்தாலும் இவர்களில் ஒருவரை வாட்டத்தான் செய்யும்.

மூன்று மணி வரை பாடம்

தனியார் மழலையர் வகுப்புகளில் பல, இதற்கு நேர் எதிரான விதியைக் கொண்டவை. மேசை, நாற்காலி, கையெழுத்து ஏடு, வீட்டுப்பாடம் என்று ஒன்றாம் வகுப்பின் சிறிய நகலாக எல்.கே.ஜி. நடக்கும் இடத்தில் பாய் விரிக்க இடமும் இல்லை, எண்ணமும் இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் டெஸ்க்கில் தலையைக் கவிழ்த்துப் படுக்கச் சொல்வதை அவர்கள் ஓய்வு என்கிறார்கள். கழுத்து வளைந்து, கன்னம் மரப்பலகையில் அழுந்தி, கால் தரையைத் தொடாமல் தொங்கும் நிலையில் எந்தக் குழந்தைக்கும் ஆழ்ந்த தூக்கம் வராது. அப்படியே வந்தாலும் கண் அயர்ந்த நொடியில் மணி அடித்துவிடும்.

என் மகன் சேர்ந்த பள்ளியில், முதல் பருவத்திலேயே டைரியில் ஒரு குறிப்பு வந்தது: பிள்ளை மதிய வகுப்பில் தூங்கிவிடுகிறான், வீட்டில் நேரத்தோடு படுக்கவைக்கவும். அப்போது அவனுக்கு மூன்று வயதும் ஏழு மாதமும். அதைப் படித்ததும் ஏதோ தவறு செய்துவிட்டவள்போலக் கூசிப்போய், அன்றிரவே எட்டரைக்கு விளக்கை அணைத்தேன். அவனைத் தூங்கவைக்க முடிந்தது ஒன்பதே முக்காலுக்குத்தான். பகலில் மிகையாகக் களைத்துப்போன குழந்தை இரவில் எளிதாகத் தூங்கிவிடும் என்று நாம் நினைக்கிறோம். அது சிணுங்கிக்கொண்டும் அடம்பிடித்துக்கொண்டும் இன்னும் தாமதமாகத் தூங்குவதைப் பிள்ளை வளர்த்த எவரும் பார்த்திருப்பார்கள். மாலை நான்கு மணிக்கு வேனிலிருந்து அவனைத் தூக்கித்தான் இறக்குவேன். வேனில் வந்த அந்த இருபது நிமிடத் தூக்கம், களைப்பைத் தீர்க்காமல் இரவுத் தூக்கத்தை மட்டும் தள்ளிப்போட்டது.

இந்த ஏற்பாட்டுக்கும் ஒரு நியாயம் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஐந்து வயதை நெருங்கும் யு.கே.ஜி. பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு மதியத் தூக்கம் தேவைப்படாது; அவர்கள் விழித்திருந்து, இரவு ஒன்பதுக்குள் தூங்கிவிட்டால் கணக்கு சரியாகவே இருக்கும். ஆனால் எல்.கே.ஜி.யில், அதுவும் ஜூன் மாதத்தில் சேரும் மூன்று வயதுப் பிள்ளைக்கு அதே விதியைப் பொருத்துவது எனக்குக் கொடுமையாகவே தோன்றுகிறது. கண் செருகும் குழந்தையைத் தட்டி எழுப்பி எழுதவைக்கும் ‘ஏ’வும் ‘பி’யும் அதன் மனத்தில் தங்குமா என்று யோசிக்காமல், மதியத்தில் பாடம் நடந்தால்தான் கொடுத்த பணத்துக்கு மதிப்பு என்று பெற்றோராகிய நாம் கருதுவதும் இதற்கு ஒரு காரணம்.

அரைநாள் பள்ளி

பன்னிரண்டரைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடும் பள்ளிகளைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. 2013-ல் இந்திய அரசு ஏற்ற முன்பருவக் குழந்தைக் கல்விக் கொள்கை, நாளொன்றுக்கு 3 முதல் 4 மணி நேர வகுப்பையே அடிப்படை அளவாகச் சொல்கிறது. பாட்டியோ தாயோ வீட்டில் இருந்து, சோறு ஊட்டி, மின்விசிறிக்குக் கீழே பக்கத்தில் படுத்துத் தட்டிக்கொடுக்க முடிந்த குடும்பத்துக்கு இதற்கு இணையான ஏற்பாடு வேறில்லை. இருவரும் வேலைக்குப் போகும் குடும்பத்தில், பள்ளியிலிருந்து டேகேருக்கு, அங்கிருந்து வீட்டுக்கு என்று குழந்தை இரண்டு முறை இடம் மாறுகிறது. அப்போது கேள்வி தீர்ந்துவிடுவதில்லை. பள்ளியிலிருந்து டேகேருக்கு மாறுகிறது, அவ்வளவுதான்.

படுக்க வேண்டும், தூங்கியே ஆக வேண்டியதில்லை

நான்காவது வழி ஒன்று இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பின் எல்லாப் பிள்ளைகளும் இருபது அல்லது முப்பது நிமிடம் படுக்கிறார்கள். அதற்குள் தூங்கியவர்கள் தூங்கட்டும், தூங்காதவர்கள் மெதுவாக எழுந்து அறையின் மறுபுறம் போய்ப் படப் புத்தகம் பார்க்கலாம், களிமண் உருட்டலாம், மணி கோக்கலாம். சத்தம் மட்டும் கூடாது. ஜப்பானில் வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்கான ‘ஹொய்குவென்’ என்னும் காப்பகங்களுக்கு உரிய அரசு வழிகாட்டுதல், தூக்க நேரம் குழந்தைக்குக் குழந்தை வேறுபடுவதால் அதை எல்லோருக்கும் ஒரே சீராக்கிவிடக் கூடாது என்று வெளிப்படையாகவே கூறுகிறது. பள்ளிக்குப் போகவிருக்கும் ஐந்து வயது வகுப்பில் மதியத் தூக்கத்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தும் வழக்கமும் அங்கே பரவலாக உண்டு. மொத்தத்தில் இந்த வழியைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். ஏனென்றால், என் மகளின் நாலரை வயதும் என் மகனின் மூன்றரை வயதும் ஒரே அறையில் இடம்பெற முடிவது இதில் மட்டும்தான்.

நம்மிடம் இது முடியுமா என்று கேட்பவர்களுக்காக ஒரு சிறு கணக்கு. மேலே சொன்ன 2013 கொள்கை, 30 குழந்தைகளுக்கு 35 சதுர மீட்டர் வகுப்பறை வேண்டும் என்கிறது; அது ஏறக்குறைய 375 சதுர அடி. ஒரு பிள்ளைக்கு நாலடிக்கு இரண்டடிப் பாய் என்றால் முப்பது பாய்க்கு 240 சதுர அடி போய்விடும். மீதியில் நடைவழியும் விளையாட்டு மூலையும் அமைவது சிரமம்தான். ஆனால் முப்பது பேரும் படுப்பது முதல் அரை மணிக்குத்தான். பத்துப் பேர் எழுந்ததும் அவர்களின் பாய்களைச் சுருட்டினால் 80 சதுர அடி விடுபடும். மேசை நாற்காலி நிறைந்த அறையில் இது நடக்காது. தரையில் உட்காரும் அறையில் நடக்கும். அந்த வகையில் தனியார் வகுப்பறையைவிட அங்கன்வாடிதான் இந்த வழிக்கு நெருக்கமாக இருக்கிறது.

இடத்தைவிடப் பெரிய தடை ஆள்தான். அதே கொள்கை 3 வயதுக்கு மேற்பட்ட 20 குழந்தைகளுக்கு ஒருவர் என்கிறது; முப்பது பேர் இருக்கும் அறையில் தூங்குபவர்களை ஒருவரும் விழித்திருப்பவர்களை மற்றொருவருமாகப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டும். டீச்சரும் ஆயாவும் இருவரும் அறையிலேயே இருக்க வேண்டுமென்றால், பதிவேட்டு வேலைக்கு அவர்களுக்கு வேறு நேரம் ஒதுக்கித் தரவேண்டும். கட்டாயத் தூக்கத்தைக் கைவிடச் சொல்லும் எந்த அரசாணையும் இந்த ஏற்பாட்டைச் செய்யாமல் வந்தால், சுமை அந்த இரண்டு பெண்களின் தலையில்தான் விழும்.

ஆஸ்திரேலிய ஆய்வுகளைக் காட்டி, மதியத் தூக்கம் இரவைக் கெடுக்கிறது, ஆகவே அதை நிறுத்திவிடலாம் என்று வாதிடுபவர்களும் உண்டு. மாலை ஏழரைக்கும் எட்டுக்கும் குழந்தையைப் படுக்கவைத்துவிடும் வீடுகளுக்கு அந்த வாதம் பொருந்தும். பத்து மணிக்குத்தான் விளக்கணைக்கும் நம் வீடுகளில் மதியத் தூக்கத்தை மட்டும் எடுத்துவிட்டால், இரவு தானாக முன்னே வந்துவிடாது; குழந்தைக்கு இரண்டும் இல்லாமல் போகும். இரவை முதலில் ஒன்பதுக்குக் கொண்டுவந்த பிறகு மதியத்தைக் குறைப்பதே முறை. மதியத்தில் தூங்கும் பிள்ளையையும் இரண்டரை மணிக்கு மேல் தூங்கவிடாமல், திரைச்சீலையை விலக்கி வெளிச்சம் வரச் செய்து மெல்ல எழுப்பிவிட்டால் இரவு அவ்வளவாகத் தள்ளிப்போவதில்லை என்பது என் அனுபவம்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் ஐந்து வயது நிறைந்த பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்துவிடுகிறது. அங்கே பாயும் இல்லை, மதியத்தில் படுக்க நேரமும் இல்லை. மே மாதம் வரை தினமும் இரண்டு மணி நேரம் தூங்கப் பழகிய குழந்தை, ஜூன் மாதம் முதல் வாரத்தில் திடீரென்று மாலை நான்கு வரை நிமிர்ந்து உட்கார வேண்டியிருக்கிறது. 2019-ல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கப்பட்டபோது, பாயும் பாடமும் ஒரே கூரையின் கீழ் வந்தன. படிப்படியாகப் பழக்கும் அந்த ஜப்பானிய முறையை முயன்று பார்க்க அவற்றைவிடப் பொருத்தமான இடம் நம்மிடம் இல்லை. யு.கே.ஜி.யின் கடைசி மூன்று மாதங்களில் பாய் விரிக்கும் நேரத்தை ஒரு மணியிலிருந்து முக்கால் மணிக்கும், அதிலிருந்து அரை மணிக்கும் குறைத்து, அந்த நேரத்துக்குக் கதையைக் கொடுக்கலாம். அப்போதும் ஓரத்தில் ஒரு பாய் விரித்தே இருக்கட்டும். காய்ச்சலில் எழுந்து வந்த பிள்ளைக்கும், வீட்டில் திருவிழா பார்த்து நள்ளிரவில் படுத்த பிள்ளைக்கும் அது வேண்டியிருக்கும்.